அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்: நல்ல மார்க் வச்சிருக்கிற பசங்க பண்ற தவறுகள்

அமெரிக்காவுல வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல எம்டி படிப்புக்கு (நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி டாக்டர் ஆகுற படிப்பு) அப்ளை பண்றாங்க, சீட் கிடைச்சு உள்ள போறவங்க சுமாரா 23,000 பேர்தான். அப்படி உள்ள போறவங்களோட சராசரி எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) ஸ்கோரே 528க்கு 511, 512 கிட்ட இருக்கு. அதனால 517 ஸ்கோர், காலேஜ் மார்க் சராசரியான ஜிபிஏ 4க்கு 3.9 வச்சிருக்கிற பொண்ணு முதல் வடிகட்டல்ல தப்பிச்சிடுவா, ஆனா அவ ஃபைலுக்கு மேலயும் கீழயும் அதே மார்க்கோட இன்னும் நிறைய ஃபைல் இருக்கும். அங்கேருந்து ஃபைலைப் படிக்கிற கமிட்டிக்காரங்க பாக்கிறது இந்தப் பொண்ணு யாரு, மெடிசினை எவ்ளோ கிட்ட போய் பாத்திருக்கா, நம்ம ஸ்கூலுக்கு ஏன் வர நினைக்கிறான்னு மட்டும்தான். மார்க்குக்காக வருஷக்கணக்கா உழைச்ச நம்ம பசங்க இந்த இடத்துல கோட்டை விடுறதைப் பாக்கும்போது ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா இதெல்லாம் சரி பண்ணக்கூடிய விஷயம்.

முதல்ல பெர்சனல் ஸ்டேட்மெண்ட், அதாவது ஏன் டாக்டர் ஆகணும்னு எழுதுற எஸ்ஸே. பெரும்பாலான ஸ்கூலுக்கு அப்ளை பண்ற பொது ஆன்லைன் போர்ட்டலான ஏஎம்காஸ்ல இதுக்கு ஸ்பேஸையும் சேத்து 5,300 எழுத்துதான் இடம். அதுல பாதியை பாட்டிக்கு ஹார்ட் அட்டாக் வந்தது, ஐசியூ வாசல்ல காத்திருந்தது, டாக்டர் வந்து நல்ல செய்தி சொன்னதுன்னு செலவு பண்ணிடுறாங்க. பாட்டியைப் பத்தி எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல, அது உண்மையாவே உங்களை மாத்தியிருந்தா தாராளமா எழுதுங்க. ஆனா படிச்சு முடிச்சதும் பாட்டியும் அந்த கார்டியாலஜிஸ்ட்டும்தான் மனசுல நிக்கிறாங்க, எழுதின பையன் ரெண்டே வரியில வந்துட்டு போயிடுறான். "மத்தவங்களுக்கு உதவுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், சயின்ஸும் பிடிக்கும்"னு எழுதுறதும் அதே மாதிரிதான், இதை நர்ஸ், பார்மசிஸ்ட், டீச்சர் யார் வேணா எழுதலாம்.

அதுக்கு பதிலா நீங்க நேர்ல நின்னு பாத்த ஒரு விஷயத்தை எடுங்க. ஃப்ரீ கிளினிக்ல வாலண்டியரா இருக்கும்போது ஒரு அம்மா இன்சுலின் பத்தி டாக்டர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வெளிய வந்து உங்ககிட்ட மறுபடி கேட்டாங்கன்னு வைங்க. அவங்களுக்குப் புரியலைன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, உடனே நீங்களே விளக்கம் சொல்லாம ஏன் டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டீங்க, அடுத்த வாரத்துலேருந்து என்ன மாத்தி பண்ணீங்க, இதை எழுதுங்க. இந்த அளவுக்கு விவரமா எழுதினா அதை இன்னொருத்தர் எழுதவே முடியாது, தனியா தெரியிறதுக்கு வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்தது ஆக்டிவிட்டீஸ் பகுதி. 15 வரைக்கும் போடலாம்னா 15ஐயும் ரொப்பணும்னு இல்ல. ஒரு நாள் ஹெல்த் கேம்ப், ஒரு மாசம் இருந்த கிளப் எல்லாத்தையும் திணிச்சா நாலு வருஷம் விடாம பண்ண விஷயமும் அந்தக் கூட்டத்துல காணாம போயிடும். ஒவ்வொண்ணுக்கும் 700 எழுத்து, அதுல ரொம்ப முக்கியமான மூணுக்கு மட்டும் இன்னொரு 1,325 எழுத்து தருவாங்க, அங்க போய் முதல்ல சொன்னதையே திரும்ப எழுதாதீங்க, அதனால உங்ககிட்ட என்ன மாறிச்சுன்னு எழுதுங்க. மணிக்கணக்கைக் கூட்டிப் போடவே போடாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் காண்டாக்ட் கொடுக்கணும், ஸ்கூல் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

இதுல நம்ம பசங்க பண்ற இன்னொரு தப்பு, ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளியில ஆறு வயசு குழந்தைங்களுக்கு அ ஆ சொல்லிக்கொடுத்தது, பத்து வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டது இதையெல்லாம் மெடிசினுக்கு சம்பந்தமில்லன்னு விட்டுடுறது. பொறுமையா கத்துக்கொடுக்கத் தெரியும், ஒரு விஷயத்தை பாதியில விடாம பிடிச்சிருக்கத் தெரியும்னு காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது, கண்டிப்பா போடுங்க.

இந்தியா ஷேடோயிங் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். லீவுக்கு ஊருக்குப் போறப்போ மதுரையிலயோ கோயம்புத்தூர்லயோ மாமா வேலை பாக்கிற ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் கூட நின்னு பாக்கிறது நம்ம வீடுகள்ல சகஜம். பாக்கிறது வரைக்கும் தப்பில்ல. ஆனா ஊசி போட்டேன், தையல் போட்டேன், டெலிவரிக்கு அசிஸ்ட் பண்ணேன்னு பெருமையா எழுதிடுறாங்க பாருங்க, அது நேரா எதிரா திரும்பும். இங்க பண்ண அனுமதியில்லாத ஒண்ணை அங்க இருக்கிற ஏழை பேஷண்ட் மேல பண்ணியிருக்கான்னுதான் கமிட்டி படிக்கும், மெடிக்கல் ஸ்கூல்களோட சங்கமான ஏஏஎம்சியே இதைப் பத்தி எச்சரிக்கை பண்ணியிருக்கு. பேஷண்ட் பாவம்ங்கிறது முதல் விஷயம், அப்ளிகேஷன் அப்புறம். மாமா சொன்னாலும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அதோட இந்தியாவுல பாத்தது மட்டும் போதாது, அமெரிக்க கிளினிக்ல வேலை எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு பாப்பாங்க, அதனால ஸ்க்ரைப் (டாக்டருக்கு குறிப்பு எழுதித் தர்றவர்), இஎம்டி (ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்றவர்), ஹாஸ்பிஸ் (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பாத்துக்கிற இடம்) வாலண்டியர்னு இங்கயே மாசக்கணக்குல ஏதாவது ஒண்ணு பண்ணியிருக்கணும்.

ஸ்கூல் லிஸ்ட் போடுறதுல பேரைப் பாத்து போடாதீங்க. ஏஏஎம்சியோட எம்எஸ்ஏஆர் டேட்டாபேஸ்ல ஒவ்வொரு ஸ்கூலும் எந்த ஸ்டேட் ஆளுங்களை எவ்ளோ எடுத்திருக்குன்னு இருக்கு. டெக்சாஸ் அரசு ஸ்கூல்கள் 90 சதவீதம் அந்த ஸ்டேட் பசங்களைத்தான் எடுக்கணும், அதுல பெரும்பாலானதுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ்னு தனி அப்ளிகேஷன். யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் அந்த ஸ்டேட்டோட வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ பசங்களுக்குத்தான் முன்னுரிமை தரும். நியூ ஜெர்சியில உக்காந்துக்கிட்டு இதெல்லாம் பாக்காம அப்ளை பண்ணா காசு போறதுதான் மிச்சம். எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுல இருக்கிற பசங்க இன்னும் கவனமா இருக்கணும், பல ஸ்கூல் சிட்டிசன், கிரீன் கார்டு இருக்கிறவங்களை மட்டும்தான் எடுக்கும்.

முதல் அப்ளிகேஷனுக்கு அப்புறம் ஒவ்வொரு ஸ்கூலும் தனியா கேக்கிற செகண்டரி எஸ்ஸேல "எங்க ஸ்கூல் ஏன்"னு கேட்டா "உங்க ரிசர்ச் உலகப் புகழ்பெற்றது"ன்னு எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்டாதீங்க, வேற ஸ்கூல் பேரு உள்ள மாட்டிக்கிட்டு போன கதையெல்லாம் நிஜமாவே நடக்குது. அந்த ஊர் பேஷண்டுங்க யாரு, அவங்களோட வேலை செய்ய நீங்க இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்கன்னு முடிச்சு போடுங்க.

சிபாரிசு லெட்டர் விஷயத்துல ஏ கிரேடு கொடுத்தாரே தவிர முகமே தெரியாத ப்ரொஃபசரை விட, பி ப்ளஸ் வாங்கிட்டு வாராவாரம் ஆஃபீஸ் ஹவர்ஸ்ல (பசங்களைப் பாக்க அவர் ஒதுக்கின நேரம்) போய் பேசின ப்ரொஃபசர் மேல். சாட்ஜிபிடியில பிழை திருத்திக்கலாம், ஆனா கடைசியில இருக்கிறது உங்களோட எழுத்துதான்னு ஏஎம்காஸ்ல உறுதி கொடுத்துதான் சப்மிட் பண்ணணும், தவிர அது எழுதிக் கொடுத்தா எல்லார் எஸ்ஸேயும் ஒரே மாதிரி இருக்கும், எதுக்காக இவ்ளோ பாடுபடுறோமோ அதுவே போயிடும்.

டைமிங்கும் முக்கியம். மே மாசத் தொடக்கத்துல போர்ட்டல் திறக்கும், மே கடைசியிலேருந்து சப்மிட் பண்ணலாம், கூட்டம் ஜாஸ்தியான நேரத்துல மார்க் சரிபாக்கவே வாரக்கணக்குல ஆகும், நிறைய ஸ்கூல் வர வர படிச்சு இன்டர்வியூ கொடுத்துக்கிட்டே போகும். அதுக்காக அரைகுறையா அனுப்பிடாதீங்க, சப்மிட் பண்ணதுக்கப்புறம் எஸ்ஸேயையோ ஆக்டிவிட்டீஸையோ மாத்த முடியாது.

கிளினிக்கல் அனுபவம் குறைவா இருக்கும்போதே காலேஜ் மூணாவது வருஷம் முடிஞ்ச கையோட அவசரமா அப்ளை பண்றதுதான் இது எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற தப்பு. ஒரு வருஷம் வீணாப் போகுதேன்னு வீட்ல பயப்படுறாங்க, சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு யோசிக்கிறாங்க. இன்னிக்கு மெடிக்கல் ஸ்கூல்ல சேருறவங்கள்ல பாதிக்கு மேல குறைஞ்சது ஒரு வருஷமாவது கேப் எடுத்துட்டுதான் வர்றாங்க. இதை எம்கேட் புக் பண்றதுக்கு முன்னாடியே அம்மா அப்பாகிட்ட உக்காந்து பேசிடுங்க, அப்ளிகேஷன் போர்ட்டல் திறந்த வாரத்துல பேசினா யாருக்குமே நிதானமா கேக்கிற மனநிலை இருக்காது.