நெஞ்சை அடைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு: கொரியக் காதல் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தண்ணீர் குடிக்காமல் மடமடவென்று விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். தொடர் பார்க்கும்போது அதே மாதிரி அடைத்தால், கொரிய ரசிகர்கள் அந்தக் காட்சியை 'கொகுமா' என்பார்கள். கொகுமா என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அடைப்பை நீக்கும் காட்சி வந்தால் அது 'சைடா', அதாவது சோடா. எரிச்சலுக்கும் ஆறுதலுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த ஊர் ரசிகர்கள் அனுபவித்திருக்கிறார்கள்.

நான் இந்தத் தொடர்களை மிகவும் விரும்பிப் பார்க்கிறவள். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரிய நாயகர்கள் தமிழ் பேசிய காலத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். இப்போது சப்டைட்டிலோடு பார்க்கிறேன். பத்து பன்னிரண்டு எபிசோட் ஆசையாகப் பார்த்த கதை கடைசியில் சறுக்கும்போது கோபம் வருவது அந்த விருப்பத்தால்தான். வெப் சீரிஸோ தொடர்கதையோ, காதல் கதை எழுத உட்காருகிறவர்கள் இந்தச் சறுக்கல்களைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒன்று. நம்ப முடியாத சம்பவம் வருவது தவறே இல்லை. 2019 டிசம்பரில் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரில், தென்கொரியப் பணக்கார வீட்டுப் பெண் யூன் செ-ரி பாராகிளைடிங் செய்யும்போது சூறாவளியில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரியக் காட்டில் ஒரு மரத்தில் தொங்குகிறாள். கீழே நிற்பவன் ராணுவக் கேப்டன் ரி ஜொங்-ஹ்யோக். நடக்கிற காரியமா? இல்லைதான். ஆனாலும் எனக்கு உறுத்தவே இல்லை. அந்த ஒரு பெரிய கற்பனையை நாம் ஒப்புக்கொண்ட பிறகு, மற்றதெல்லாம் அதிலிருந்தே வருகிறது. அவள் பிடிபட்டால் உயிர் போகும், அவளை ஒளித்து வைத்தால் அவனுக்கு ஆபத்து, இருவரும் நினைத்தாலும் அந்த எல்லையைத் திறக்க முடியாது. கதை தொடக்கத்தில் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அதைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

ஒரு வாக்கியத்தில் தீரும் சிக்கல்

அடிக்கடி வரும் தவறு இதுதான். ஹீரோவின் அம்மா நாயகியைக் காபிக் கடைக்கு வரச் சொல்கிறார். மேஜைமேல் பணம் வைத்த வெள்ளை உறை நகர்ந்து வருகிறது. "என் மகனை விட்டு விலகிவிடு." நாயகி பணத்தைத் தொடமாட்டாள், அது சரி. ஆனால் அடுத்த காட்சியில் அவனிடம் போய், "எனக்கு உன்மேல் அன்பே இல்லை" என்று சொல்லிவிட்டு மழையில் நடந்து போவாள். அவனும் நம்பிவிடுவான்! பத்து எபிசோட் அவனுக்காகப் போராடியவள் ஒரே நாளில் எப்படி மாறினாள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம்கூட வராது.

இதைத் தியாகம் என்று காட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. இரண்டு பேருடைய வாழ்க்கையைப் பற்றி ஒருத்தி மட்டும் முடிவெடுக்கிறாள், மற்றவனிடம் கேட்கக்கூட இல்லை. இவ்வளவு நேரம் இருவரும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொண்ட கதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மதிப்பு எங்கே போயிற்று? சில தொடர்களில் இதையே இரண்டு முறை செய்வார்கள். முதல் தடவை அவள், இரண்டாவது தடவை அவன்.

மௌனமும் ரகசியமும் கதையில் இருக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2020-இல் வந்த 'ஸ்டார்ட்-அப்' முழுக்க ஒரு ரகசியத்தின்மேல் நிற்கிறது. தனிமையில் வாடும் சிறுமி டல்-மிக்காக, அவளுடைய பாட்டி சொல்லி, ஆதரவற்ற பையன் ஜி-ப்யொங் கடிதங்கள் எழுதுகிறான். போடும் பெயர் மட்டும் செய்தித்தாளில் பார்த்த வேறொரு பையனுடையது: நாம் டோ-சான். வளர்ந்த பிறகு அவள் அந்த டோ-சானைத் தேடுகிறாள். கடிதமே எழுதாத டோ-சான் உண்மையை ஏன் சொல்லவில்லை? தன்னை அப்படி அண்ணாந்து பார்க்கும் ஒருத்தியை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. ஜி-ப்யொங் ஏன் சொல்லவில்லை? தனக்குச் சோறு போட்ட பாட்டியின் பொய் உடைந்துவிடும். வாயைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு இழப்பு இருக்கிறது. அதனால் அந்த மௌனத்தை நம்மால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த உண்மையை இப்போதே சொன்னால் இவளுக்கு என்ன நஷ்டம்? பதில் இல்லையென்றால் அந்தப் பிரிவை அடித்துவிட்டு வேறு யோசிக்க வேண்டும். போன் பேட்டரி தீர்ந்துபோவது, கதவோரம் நின்று பாதிப் பேச்சை மட்டும் கேட்பது எல்லாம் பதில் ஆகாது.

விபத்து, நோய், மறதி

மறதிக்கும் இந்தத் தொடர்களுக்கும் பழைய உறவு. 2002-இல் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்து ஜப்பான் வரை அலையடித்த 'வின்டர் சொனாட்டா'வில் நாயகன் விபத்தில் நினைவை இழந்து, பல வருடம் கழித்து வேறு பெயரில், வேறு ஆளாக வருகிறான். அங்கே அதை மன்னிக்கலாம். முதல் காதலின் முகத்தோடு ஒரு புது மனிதன் வந்து நின்றால் என்ன செய்வாய் என்பதே அந்தக் கதையின் கேள்வி. ஆனால் அதே தொடர், இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகளோ என்ற சந்தேகத்தையும், அதற்கு மேல் பார்வை இழப்பையும் அடுக்கியபோது பாரம் தாங்கவில்லை.

2009-இல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' இதைவிட மோசம். முடிவை நெருங்கும் நேரத்தில் ஹீரோவுக்கு விபத்து. கண் விழித்தால் எல்லோரையும் தெரிகிறது, நாயகியை மட்டும் தெரியவில்லை. அம்மாவின் எதிர்ப்பு, பணக்காரக் குடும்பத்தின் அதிகாரம் என்று அவ்வளவு நாள் கட்டிய தடைகள் இருக்கும்போது, மண்டையில் ஒரு அடி எதற்கு?

'குயின் ஆஃப் டியர்ஸ்' என்னை அதிகம் வருத்தியது. நன்றாகத் தொடங்கிய கதை அது. மணவாழ்க்கையில் நொந்துபோய் விவாகரத்துப் பத்திரத்தோடு போகும் கணவனிடம், தான் மூன்று மாதம்தான் உயிரோடு இருப்பேன் என்கிறாள் மனைவி. அந்த நோய் இருவரையும் திரும்பப் பேச வைக்கிறது, பழைய அன்பைத் தோண்டி எடுக்கிறது. இது நோயைச் சரியாகப் பயன்படுத்திய எழுத்து. ஆனால் கடைசி எபிசோடுகளில் அறுவை சிகிச்சையால் மறதி, அதைப் பயன்படுத்தி வில்லன் சொல்லும் பொய்கள், கார் விபத்து, கடத்தல், துப்பாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2024 ஏப்ரலில் ஒளிபரப்பான கடைசி எபிசோட் டி.வி.என். சேனலின் அதுவரையிலான சாதனைகளை முறியடித்து 24.8 சதவீதப் பார்வையாளர் அளவைத் (ரேட்டிங்) தொட்டது. அத்தனை பேர் பார்த்தார்கள் என்பது உண்மை. கார் மோதி மருத்துவமனையில் கிடந்தவன் எழுந்து மனைவியைத் தேடி ஓடியது எனக்கு ஒட்டவில்லை என்பதும் உண்மை.

ஒரு கதையைத் தொடங்கி வைக்க விபத்து உதவலாம். இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கை விபத்து வந்து தீர்த்து வைக்கக் கூடாது.

பன்னிரண்டாவது எபிசோடுக்குப் பிறகு

வழக்கமான கொரியக் காதல் தொடர் 16 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு இரண்டு. 11, 12-இல் காதலர்கள் சேர்ந்துவிடுவார்கள். மீதி நான்கு மணி நேரத்துக்கு என்ன செய்வது? அங்கேதான் எழுத்தாளர் கை நடுங்குகிறது. மேலே சொன்ன தவறுகளில் பாதி இந்த இடத்தில் பிறந்தவை. அப்புறம் பழைய முறை ஒன்றும் இருந்தது: அன்று படம்பிடிக்க வேண்டிய காட்சிக்கு அன்றுதான் துண்டுத் தாளில் வசனம் வரும். அப்படி எழுதியவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. 2016-இல் 'டெசன்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' ஒளிபரப்புக்கு முன்பே முழுவதும் எடுத்து முடிக்கப்பட்டது. ஆனால் அதிலும், பொறுப்பான ராணுவ வீரராகக் காட்டப்பட்டவர் ஓடும் காரில் தானியங்கி வசதியைப் போட்டுவிட்டுக் காதலிக்கு முத்தம் கொடுத்தார். கார் விளம்பரத்துக்காகப் பாத்திரத்தின் புத்தியைக் கடன் வாங்கிய காட்சி அது.

கடைசி நான்கு எபிசோடில் குணம் மாறுவதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், 2018-இல் வந்த 'சம்திங் இன் தி ரெய்ன்'. ஜின்-ஆ முப்பது தாண்டியவள், அலுவலகத்தில் ஆண்களின் சில்மிஷத்தைச் சிரித்து மழுப்பிப் பழகியவள். தோழியின் தம்பி ஜுன்-ஹியைக் காதலிக்கும்போது முதுகு நிமிர்கிறது, அலுவலகத்தில் எதிர்த்து நிற்கத் தொடங்குகிறாள். அந்த நிமிர்வை அணு அணுவாக எழுதியிருந்தார்கள். பிறகு அம்மாவின் கட்டாயத்துக்காக அவனிடம் சொல்லாமலே பெண் பார்க்கும் சந்திப்புக்குப் போகிறாள். கொஞ்சம் காலம் தாண்டிப் பார்த்தால் அவள் பக்கத்தில் வேறொருவன், அவளை மதிக்கவே மதிக்காதவன். அம்மாவுக்கு அடங்கிப்போகும் மகள் நிஜத்தில் உண்டு, அதில் குறை இல்லை. ஆனால் நிமிர்ந்தவள் எப்படி மறுபடி குனிந்தாள் என்ற காட்சிதான் நமக்கு வேண்டும். அதை எழுதாமல் வருடங்களைத் தாண்டிவிட்டார்கள். 'மூன்று வருடங்களுக்குப் பிறகு' என்று திரையில் எழுத்து வந்தாலே எனக்கு இப்போது பயம் வருகிறது. எழுதக் கடினமான காட்சிகள் எல்லாம் அந்த மூன்று வருடத்துக்குள்தான் இருக்கும்.

இரண்டாம் ஹீரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஸ்டார்ட்-அப்'பில் கடிதம் எழுதிய ஜி-ப்யொங்குக்கு அத்தனை ஆழம் கொடுத்துவிட்டு, பிற்பாதியில் அவனை ஓரமாக நிற்கும் ஆலோசகராக வைத்துவிட்டார்கள். அவன் தோற்கலாம். தோற்பதற்கும் ஒரு காரணமும், கொஞ்சம் கௌரவமும் கொடுத்திருக்கலாம்.

முடிவு

சோகமான முடிவை ரசிகர்கள் வெறுக்கிறார்கள் என்பது தவறான எண்ணம். 2022-இல் வந்த 'ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-ஒன்' தொடரில் ஹீ-டோவும் யி-ஜினும் பிரிகிறார்கள். அவன் நிருபர், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் இருக்கிறான், தன் வலியை அவளிடம் பகிர மறுக்கிறான். முதலிலிருந்தே அவன் அப்படித்தான் இருந்தான், அதனால் அழுதுகொண்டே ஏற்றுக்கொண்டேன். என்னால் ஏற்க முடியாதது வேறு ஒன்று. நண்பர்கள் ஐவரும் கடற்கரைக்குப் போன அந்தக் கோடையைப் பற்றி மகள் கேட்கும்போது, வளர்ந்த ஹீ-டோ தனக்கு நினைவில்லை என்கிறாள். நாட்குறிப்பில் அத்தனையையும் எழுதி வைத்தவள்!

இதைவிடப் பெரிய ஏமாற்றம் 2004-இல் 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' கொடுத்தது. கொரியாவே வீட்டில் உட்கார்ந்து பார்த்த தொடர் அது. கடைசியில், இதுவரை பார்த்தது நாயகி எழுதிய கதை என்று தெரிய வருகிறது. ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கவலைப்பட்டதெல்லாம் ஒரு தாளில் இருந்த ஆட்களுக்காக என்று சொன்னால் வேறு என்ன செய்வார்கள்?

'கிராஷ் லேண்டிங்' முடிவைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் இன்றும் வாக்குவாதம் உண்டு. வடக்கும் தெற்கும் இணையவில்லை, எல்லை அப்படியே இருக்கிறது. இருவரும் ஸ்விட்சர்லாந்தில் வருடத்துக்கு இரண்டு வாரம் மட்டும் சேர்ந்து வாழ்கிறார்கள். "இரண்டு வாரம் என்ன குடும்பம்?" என்று அம்மா கேட்பார். எனக்கும் அது போதவில்லை. ஆனால் அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு நாள் கூட்டிக் கொடுத்திருந்தால், நான் நம்பியிருக்க மாட்டேன்.