ஆடியோ மாட்யூல் ஏறும்போது லினக்ஸ் கெர்னல் உறையாமல் இருக்க

மாட்யூல் (ஓடும் கெர்னலில் சேர்க்கும் நிரல் துண்டு) ஏற்றும் நேரத்து டெட்லாக்கில், அதாவது இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நகராமல் நிற்கும் நிலையில், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு). மறுபக்கம், மாட்யூலை ஏற்றும் நிரலான மோட்புரோப் முடியட்டும் என்று தூங்கும் பிராசஸ். அதனால் கெர்னலின் லாக் சோதனைக் கருவியான லாக்டெப்பை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மியூட்டெக்ஸ்களை (ஒரு வகை லாக்) எடுக்கும் வரிசையை அது கண்காணிக்கும். மோட்புரோப்புக்கான காத்திருப்பு அதன் கண்ணில் படாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய டிவைஸ் லாக்கையும் கெர்னல் அந்தச் சோதனையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

முதல் விதி: லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாட்யூலைக் கேட்டு அது ஏறும்வரை காத்திருக்கும் ரிக்வெஸ்ட்_மாட்யூலை அழைக்காதீர்கள். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் டைமரைத் திறக்கும் நிரலைப் பாருங்கள். லாக்கை எடுத்து டைமரைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் லாக்கை விட்டுவிட்டு மாட்யூலைக் கேட்கிறது, திரும்ப லாக்கை எடுத்து மறுபடி முதலிலிருந்து தேடுகிறது. அந்த இரண்டாவது தேடலை விட்டுவிடக் கூடாது. லாக் கையில் இல்லாத இடைவெளியில் நிலைமை மாறியிருக்கலாம்.

பின்னணியில் தனியே ஓடும் ஏசிங்க் வேலைக்குள்ளிருந்தும் காத்திருக்கும் வகையில் மாட்யூலை ஏற்றாதீர்கள். புதிதாக ஏறும் மாட்யூல் தன் தொடக்கத்தை முடிக்குமுன் எல்லா ஏசிங்க் வேலைகளுக்காகவும் காத்திருக்கக்கூடும். அவற்றில் உங்கள் வேலையும் ஒன்று. இப்படி அழைத்தால் கெர்னலே பதிவில் எச்சரிக்கும். முடிவு உடனே தேவையில்லை என்றால் காத்திராத வடிவமான ரிக்வெஸ்ட்_மாட்யூல்_நோவெயிட் போதும்.

சாதனத்தை டிரைவரோடு இணைக்கும் புரோப்தான் உண்மையான சிக்கல். இன்டெல் எச்டி ஆடியோ டிரைவருக்கு ஒவ்வொரு கோடெக் (ஒலியை மாற்றித்தரும் சிப்) வகைக்கும் தனி மாட்யூல் வேண்டும். அதனால் புரோப்பில் பிசிஐ சாதனத்தை இயக்கி, கார்டுக்கான நினைவகத்தை ஒதுக்கியதும் மிச்சத்தைப் பிறகு செய்வதற்கான வேலை வரிசையான வொர்க் க்யூவிடம் விடுகிறது. கோடெக்கைத் தேடுவதும் அதன் மாட்யூலை ஏற்றுவதும் கார்டைப் பதிவதும் அங்கேதான். ஆடியோவுக்குத் தேவையான கிராஃபிக்ஸ் டிரைவர் இன்னும் வரவில்லை என்றால் அதை இழுத்துவர முயல வேண்டாம். பிழை எண் 517, அதாவது ஈபுரோப்_டிஃபர், திருப்பி அனுப்புங்கள். கெர்னல் பிறகு மறுபடி முயலும்.

வேலையை வொர்க் க்யூவுக்குத் தள்ளினால் கழற்றும்போது புதுச் சிக்கல் முளைக்கும். டிரைவரைக் கழற்றும் ரிமூவ் ஓடும்போது கன்ட்ரோலரின் (அந்தப் பிசிஐ ஆடியோ சாதனத்தின்) டிவைஸ் லாக் பிடிபட்டிருக்கும். கோடெக்கின் புரோப்போ, பழைய கெர்னல்களில், தன் லாக்கோடு தாயான கன்ட்ரோலரின் லாக்கையும் கேட்கும். ரிமூவ் அந்த வேலையை ரத்துசெய்து முடியும்வரை காத்திருந்தால் இரண்டும் நகராது. எச்டி டிரைவர் ரத்துசெய்யும் அந்த நேரத்துக்கு மட்டும் லாக்கை விட்டு, பிறகு எடுக்கிறது. அழகான தீர்வல்ல, அங்குள்ள குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் வேலை செய்கிறது.

ஒரு மாட்யூலின் சிம்பலை (பிற மாட்யூல்கள் பயன்படுத்த அது தரும் பெயர்) அதன் தொடக்கம் முடியுமுன் இன்னொன்று கேட்டால் கெர்னல் 30 நொடி பொறுத்துவிட்டு ஏற்றத்தைக் கைவிடும். சரியாக 30 நொடித் தாமதம் என்றால் இதைச் சந்தேகியுங்கள். நெடுநேரம் முடங்கிய டாஸ்க்கைக் காட்டும் ஹங் டாஸ்க் எச்சரிக்கையோ இயல்பாக 120 நொடிக்குப் பிறகுதான் வரும். அதுவரை காத்திராமல் கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூவில் டபிள்யூ எழுத்தை அனுப்புங்கள். முடங்கிய எல்லா டாஸ்க்குகளின் ஸ்டேக்கும் (எந்த அழைப்பில் நிற்கிறது என்ற பட்டியல்) பதிவில் விழும். ஒன்றில் ரிக்வெஸ்ட்_மாட்யூலும், மோட்புரோப்பின் ஸ்டேக்கில் டிவைஸ் லாக்கோ ஏசிங்க் காத்திருப்போ தெரிந்தால் மேலே சொன்னவற்றில் எது என்று உடனே பிடிபடும்.