பகடையை உருட்டினால் பேச்சு வரும்

"இன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் என் மகளிடமிருந்து "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. பகடையைக் கையில் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

பகடையின் 6 எண்களுக்கு 6 உணர்வுகள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, பொறாமை. உளவியலாளர் பால் எக்மனின் அடிப்படை உணர்வுகள் பட்டியலில் பொறாமைக்குப் பதில் அருவருப்பு இருக்கும். வீட்டில் பொறாமைதான் அதிகம் எட்டிப்பார்க்கிறது என்பதால் மாற்றிக்கொண்டேன். எது விழுகிறதோ, அந்த உணர்வு கடைசியாக எப்போது வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்காவிட்டால் 'பாஸ்'. 10 நிமிடம் போதும்.

முதலில் பெரியவர்தான் உருட்ட வேண்டும், உண்மையைச் சொல்லவும் வேண்டும். எனக்குப் பயம் விழுந்தது. "போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தப்போ, ராத்திரி நாலு தடவை எழுந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்" என்றேன். அவள் பகடையைப் போடாமல் உள்ளங்கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல, "ஆனா தம்பியை மட்டும்தான் மடியில வச்சுக்கறம்மா" என்றாள்.

அந்த நேரத்தில் "அப்படியெல்லாம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சரி, அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வீட்டில் சண்டை நடந்திருந்தால், அதன் சூடு ஆறும்வரை பகடையை எடுக்கவே வேண்டாம்.