பேசியதை ஏஐ வைத்துக் கடிதமாக்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, கடிதம் என்று தட்டச்சு வேலையும் உண்டு. இந்த ஆனி மாதத்தில் பெரியப்பா கடைக்கு வந்தார். காவேரிப்பட்டணம் பக்கம் அவருக்கு மாந்தோப்பு. ஆந்திராவிலுள்ள குப்பம் ஊரிலிருந்து வந்து காய் ஏற்றிப்போன வியாபாரி ஒருவர் மூன்று வாரமாகப் பாக்கி தரவில்லை, போன் செய்தாலும் எடுப்பதில்லை. "தெலுங்கிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு தம்பி, படிக்கவாவது செய்வான்" என்றார்.

எனக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. அவருக்குப் பேச வரும், எழுத்து தெரியாது. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் இப்படிப் பலர் உண்டு. அந்த ஒரு கடிதத்தை எப்படிச் செய்தோம் என்பதையே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்துக்கும் இதே வழிதான்.

முதல் படி: பேசுவது

கைப்பேசி விசைப்பலகையின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேசாமல் குறிப்பேட்டுச் செயலி ஒன்றைத் திறந்து, விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள். கணினியில் என்றால் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்தால் அதற்குள்ளேயே குரல் தட்டச்சு இருக்கிறது. மேடைப் பேச்சுப் போலப் பேச வேண்டியதில்லை, வாயில் வருகிறபடி பேசினால் போதும். எண்களை மட்டும் நிறுத்தி, தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துவைத்தால் பிற்பாடு சண்டை வராது.

பெரியப்பா பேசி முடித்ததும் திரையில் வந்தது இது. அவருடைய பேச்சுவழக்கை மட்டும் இங்கே எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன், பிழைகள் அப்படியே இருக்கின்றன:

"வணக்கம் போன மாதம் 28ஆம் தேதி வந்து நாலு டன் இல்லை நாலரை டன் பெங்களூரா காய் வந்து நாங்கள் உங்கள் வண்டியில் ஏற்றினோம் மாங்குயில் ஆலைக்குப் போகும் காய் என்று சொன்னீர்கள் விளை பேசியதில் 18000 500 பாக்கி நிற்கிறது மலை வருவதற்குள் உரம் வைக்க வேண்டும் நாம் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வோம்"

அவர் சொன்னது மாங்கூழ் ஆலை. அது மாங்குயிலாகிவிட்டது. விலை விளையாகவும் மழை மலையாகவும் மாறியிருக்கின்றன. நம்மில் பலர் வாயில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றுதானே, இயந்திரத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இந்த மூலத்தை எதுவும் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி வரை தேவைப்படும்.

இரண்டாம் படி: துப்புரவு மட்டும்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலி எதையும் திறந்துகொள்ளலாம், இலவசக் கணக்கே போதும். நான் அவசரத்தில் "இதைத் திருத்திக் கொடு" என்று மட்டும் எழுதி, மூலத்தை ஒட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது.

விலையும் மழையும் அழகாகச் சரியாகிவிட்டன. உரம் வைக்க வேண்டும் என்று அதே வரியில் இருப்பதால் வரப்போவது மலையாக இருக்காது என்று ஏஐ கண்டுகொள்கிறது. முழு வாக்கியத்தையும் பார்த்துப் பொருத்தமான சொல்லைப் போடுவதுதான் அதன் பலம். அதே பலம்தான் அடுத்த வரியில் காலை வாரியது. பெங்களூரா காய் என்பது "பெங்களூருக்குக் காய்" ஆகிவிட்டது. மாம்பழ ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெங்களூரா என்பது கிளிமூக்கு, தோத்தாபுரி என்றெல்லாம் பெயருள்ள, கூழ் ஆலைகளுக்குப் போகிற ரகம். ஏஐக்கு ஊரைத்தான் அதிகம் பழக்கம் போலும். மாங்குயில் ஆலையை ஒரு நிறுவனத்தின் பெயராகவே எடுத்துக்கொண்டது. பாக்கியில் 500 காணாமல் போனது. யாரும் கேட்காமலேயே கீழே "காவேரிப்பட்டணம், தர்மபுரி மாவட்டம்" என்று முகவரி வேறு. பேச்சின்போது நான் ஊர்ப்பெயரைத் தலைப்பில் எழுதிவைத்திருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டது. காவேரிப்பட்டணம் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அது தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல்!

பிறகு புதிய உரையாடலைத் தொடங்கி இப்படி எழுதினேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"கீழே இருப்பது குரலில் பேசி எழுத்தானது. எழுத்துப்பிழையையும் நிறுத்தக்குறியையும் மட்டும் சரிசெய். 'வந்து', 'அதாவது' என்று வீணாக வருவதை எடுத்துவிடு. பேசியவர் தன்னையே திருத்திக்கொண்ட இடத்தில் கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள். எதையும் சேர்க்காதே, சுருக்காதே. சந்தேகமான சொல்லை மாற்றாமல் பக்கத்தில் கேள்விக்குறி போடு. பெங்களூரா என்பது மாங்காய் ரகம். பெயர், எண், தேதிகளைக் கடைசியில் தனியாக எழுதிக் காட்டு."

இந்த முறை மாங்குயிலுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வந்தது. நாலு டன் மறைந்து நாலரை டன் நின்றது. 18000 500 என்பதற்கும் கேள்விக்குறி, அதை நான் 18,500 என்று திருத்தினேன். உங்கள் தொழிலில் வழங்கும் சொற்கள் எவையோ, பெங்களூரா வரியின் இடத்தில் அவற்றைப் போடுங்கள். கடைசியில் தனியாக வந்த எண்களை மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாம் படி: கடித நடை

துப்புரவு முடியும் வரை இதைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் எங்கே திருத்தியது, எங்கே கற்பனை செய்தது என்று பிரிக்க முடியாது. நடையைச் சொல்லாமல் விட்டால் "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறேன்" என்று தொடங்கிவிடும். மாங்காய் வியாபாரிக்கா இது? "தெரிந்த வியாபாரிக்குத் தோட்டக்காரர் எழுதுவது, மரியாதையாக, கண்டிப்பாக, 6 வரிக்குள்" என்று கேட்டேன். சரியாக இருந்தது.

நான்காம் படி: மொழிபெயர்ப்பு

தமிழை ஆங்கிலமாக்கி, அதிலிருந்து தெலுங்குக்குப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். பெரியப்பா "நாங்கள் ஏற்றினோம்" என்றும் "நாம் பேசி முடித்துக்கொள்வோம்" என்றும் சொல்லியிருக்கிறார். முதலாவதில் வியாபாரி இல்லை, இரண்டாவதில் இருக்கிறார். தெலுங்கிலும் மேமு, மனமு என்று இந்தப் பிரிவு உண்டு. ஆங்கிலம் வழியாகப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடத்தில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கன்னடத்தில் இரண்டுக்கும் "நாவு" என்ற ஒரே சொல்தான், அதனால் "நீங்களும் நானும்" என்று விரித்தே எழுதுங்கள்.

நேரே தெலுங்குக்கு மாற்றச் சொல்லி, அதையே இன்னொரு புதிய உரையாடலில் ஒட்டித் தமிழாக்கிப் பார்த்தேன். எண்களும் தேதியும் அப்படியே திரும்பி வந்தன. இன்னொரு சோதனை இதைவிட நல்லது. தெலுங்குக் கடிதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, உரக்கப் படித்துக் காட்டினேன். கூகுள் மொழிபெயர்ப்பில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் அதுவே தெலுங்கில் படித்தும் காட்டும். எழுத்து தெரியாத பெரியப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"மிகிலின மொத்தம்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மீதித் தொகை என்பதற்கு ஏஐ போட்ட தெலுங்கு அது. "இதெல்லாம் பேங்க்காரன் பேச்சு. பாக்கி என்றே போடு, அவர்களும் பாக்கி என்றுதான் சொல்வார்கள்." போட்டேன்.

வங்கிக் கணக்கு எண்ணை ஏஐயிடம் தரவில்லை. ஆதார், கணக்கு எண், கடவுச்சொல் எதையும் அதில் ஒட்டாதீர்கள், கடிதம் முடிந்த பிறகு கையால் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்துவிட்டு, வியாபாரியின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குக் "காரு" சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"பணம் வரட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்றார்.