வீடற்றோர் காப்பகம்: இடத்தைப் பார்த்து எடுங்கள்

முதலில் தெருவில் படுப்பவர்களை இரவு 10 மணிக்கு மேல் கணக்கெடுங்கள். பகலில் பலர் வேலைக்குப் போயிருப்பார்கள். மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு: 1 லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. அதாவது 5,000 சதுர அடி. நெருக்கிப் படுக்க வைத்தால் சொறியும் சளியும் பரவும்.

ஊர்க்கோடியில் சும்மா கிடக்கும் சமுதாயக் கூடத்தைத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். சந்தையில் மூட்டை தூக்குபவர் விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து ஏது? நடைபாதையிலேயே படுத்துவிடுவார். சந்தை, ரயில் நிலையம், அரசு ஆஸ்பத்திரி அருகே, நடை தூரத்தில் பாருங்கள்.

குடும்பங்களுக்குத் தனி அறை ஒதுக்குங்கள், பிரித்தால் வர மாட்டார்கள். ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி அவசியம். ஆதார் இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே வந்தபின் எடுத்துக் கொடுக்கலாம்.