மாடல் நீராவி என்ஜினில் சத்தம் சரியில்லையா? முதலில் சக்கரத்தைத் துடையுங்கள்

"என்ஜின் ஓடுகிறது, சத்தம்தான் விட்டுவிட்டு வருகிறது" என்று டர்பனில் யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, சக்கரத்தைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்றுதான். எங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் தண்டவாளம் சீக்கிரம் கறுத்துவிடும். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக வரும் மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும் என்ஜின் அந்த வேகத்திலேயே உருண்டு போய்விடும். உள்ளே இருந்து சத்தம் எழுப்பும் சின்ன மின்னணுப் பலகையான சவுண்ட் டிகோடர் அப்படியில்லை. அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். என்ஜினை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வையுங்கள். பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பையும் தேயுங்கள். முதல் குச்சி மை தொட்டதுபோல் வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். என்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டியான டெண்டரின் சக்கரங்களையும் சேர்த்துத் துடையுங்கள். பல மாடல்கள் அவற்றின் வழியாகவும் மின்சாரம் எடுக்கின்றன. தண்டவாளத்தையும் துடைத்து, ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

சத்தமே இல்லையென்றால் கன்ட்ரோலரில் எஃப்8 பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல டிகோடர்களில் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் அதுதான்.

அடுத்தது, என்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே போகும் மெல்லிய ஒயர்கள். ஸ்பீக்கர் பெரும்பாலும் டெண்டரில்தான் இருக்கும். பிளக் பாதி கழன்றிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் அழுத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஸ்பீக்கரைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 7 காட்டும். மீட்டர் அசையாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. புதிதாகப் போடும்போது டிகோடருக்குச் சொல்லப்பட்ட ஓமுக்குக் குறைவானதைப் போடாதீர்கள், டிகோடர் சூடாகிக் கெட்டுப்போகும்.

கரகரவென்று வந்தால் ஒலியளவைக் குறையுங்கள். மெலிதாக, உயிரில்லாமல் வந்தால் ஸ்பீக்கரின் பின்பெட்டியில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும்.

எதுவுமே பலிக்காவிட்டால் ரீசெட். டிகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் உண்டு, அதைச் சிவி என்பார்கள். பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் நீங்கள் செய்த அமைப்புகள் அழிந்துபோகும், கன்ட்ரோலரில் என்ஜினை அழைக்கும் எண்ணான முகவரியும் 3 ஆகிவிடும். முன்னதாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குபுகுபு சத்தம் சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லையா? சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். இரண்டு சிலிண்டர் என்ஜினுக்கு ஒரு சுற்றுக்கு 4 வரவேண்டும்.

நம் தென்னாப்பிரிக்க என்ஜின்களில் இரண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஓடிய ஜிஎம்ஏஎம் என்ற கேரட் வகை என்ஜினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள். இரண்டின் சத்தமும் சேரும், பிரியும், மறுபடி சேரும், அது கோளாறில்லை. 1953-இல் வரத் தொடங்கிய கிளாஸ் 25 கரூ என்ற வறண்ட பகுதிக்காகச் செய்யப்பட்டது. அதில் நீராவி புகைபோக்கி வழியாகப் போகாமல் டெண்டருக்குப் போய்த் தண்ணீராகும். புகையை இழுக்க விசிறி. ஆகவே குபுகுபு இல்லை, நீண்ட ஊளைதான். உங்கள் மாடல் கிளாஸ் 25-ஆ, சாதாரணமாகப் புகைவிடும் 25என்சியா என்று பார்த்த பிறகு சிவியில் கை வையுங்கள்.