தெரபி அறிக்கை அரைகுறையாக இருந்தால் இதைக் கேளுங்கள்

குழந்தையின் புலன் உணர்வு பற்றிய அறிக்கை அரைகுறையாக வந்தால், டீச்சரிடம் படிவம் வாங்கினீர்களா, இல்லையென்றால் அதையும் சேர்த்துத் திருத்தித் தாருங்கள் என்று தெரபிஸ்டுக்கு ஈமெயிலில் எழுதுங்கள். புலன் உணர்வை மதிப்பிடப் பலரும் பயன்படுத்தும் சென்சரி புரொஃபைல் 2 என்ற கேள்வித்தாளில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் தனித்தனிப் படிவமே இருக்கிறது. தெரபிஸ்டின் அமைதியான ஏசி அறையில் சமர்த்தாக பிளாக்ஸ் அடுக்கும் பிள்ளை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எவர்சில்வர் தட்டுகள் மோதும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடும், அது டீச்சர் கண்ணில்தான் படும், பாவம் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. எழுத்தில் கேட்டால், வேறொருவரிடம் இரண்டாவது கருத்துக்குப் போகும்போதும் கையில் ஆதாரம் இருக்கும். பள்ளிப் படிவம் 3 வயதிலிருந்துதான், அதற்குக் கீழே இது உதவாது. அப்புறம், காது பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.